இரண்டும் வெள்ளை

வரிசை நகராமல் நிற்பதில் செண்பகத்துக்கு ஒரு நிம்மதி இருந்தது. சேர்க்கைப் பிரிவின் ஜன்னலுக்கு எதிரே, வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டிய சிமெண்டு மேடையில் உட்கார்ந்து, கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். வரிசையின் நடுவில் மகள் சுகிர்தாவின் பின்னல் தெரிந்தது. மார்போடு அணைத்திருந்த மஞ்சள் ஃபைலுக்குள் ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன. அவற்றை ஜன்னலுக்குள் நீட்டி, உள்ளே இருப்பவர் வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டு வருஷத்துக்கு அவள் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்துப் பெண். நீட்டும்வரை ஒன்றும் ஆகிவிடவில்லை. ஜன்னலில் நின்றவனிடம் ஏதோ நகல் இல்லை போல. பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். செண்பகம் மட்டும், மெதுவாகத் தேடு தம்பி, ஒன்றும் அவசரமில்லை, அவன் மெதுவாகத் தேடட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டாள். தாயே என்று வந்ததும் வேண்டுதல் அங்கேயே நின்றது. இனி எந்த முகத்தோடு அந்தப் பக்கம் போய் எதைக் கேட்பது. போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் அவள் தினமும் பூஜை அலமாரியில் விளக்கேற்றுகிறாள். படத்தில் இருக்கும் அம்மனின் பாதம்வரைதான் கண் போகிறது. அதற்கு மேலே போவதில்லை. விளக்கைத் தூண்டிவிட்டுத் திரும்பிவிடுகிறாள், கடன்பட்டவன் கொடுத்தவனின் தெருவைச் சுற்றிக்கொண்டு போவதுபோல.

சுகிர்தாவுக்கு எம்.எஸ்ஸி. புள்ளியியல் இரண்டு பல்கலைக்கழகத்தில் கிடைத்தது, இங்கேயும் கோயம்புத்தூரிலும். இரண்டும் அரசாங்கத்துடையது, இரண்டும் நல்ல இடம், அதுதான் தொல்லையாகப் போனது. ஒன்று மட்டமாக இருந்திருந்தால் மனுஷர் மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருக்காது. அவள் படித்த கல்லூரியில் துறைத்தலைவர் திருநெல்வேலியில் படித்தவர், பாடமெடுக்கிற மேடம் கோயம்புத்தூர். ஒரே அறையில் எதிரெதிர் நாற்காலி. அவர் சொல்வதை இவர் வெட்டுவதும் இவர் சொல்வதற்கு அவர் சிரிப்பதுமாக ஒரு வாரம் ஓடியதாம். நடுவுல நான் பந்தும்மா என்று சுகிர்தா வந்து சொன்னாள். சொந்தக்காரர்களும் இரண்டு கட்சியானார்கள். கோயம்புத்தூர் என்றால் ஆலை, ஆஸ்பத்திரி, கம்பெனி, படிக்கும்போதே வேலை என்று ஒரு கட்சி. கோவில்பட்டியில் பஸ் ஏறினால் பொழுது ஏறுமுன் திருநெல்வேலி, வயசுப் பிள்ளையை எதற்கு அவ்வளவு தூரம் என்று இன்னொன்று. செண்பகம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. உன் இஷ்டம் என்றாள். உன் இஷ்டம் என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்பது அந்த நாட்களில்தான் அவளுக்கே தெரிந்தது. பெருமூச்சோடு சொல்லலாம். படுக்கையில் கிடக்கும் அவள் அப்பாவின் தலையணை உறையை மாற்றிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொல்லலாம். உன் இஷ்டம், ஆனா அந்தக் குளிர் உனக்கு ஒத்துக்கிடுமா என்று கேள்வியாகச் சொல்லலாம். சுகிர்தாவுக்கு நாலாம் வகுப்பு படிக்கும்போது மூச்சிளைப்பு இருந்தது. அதோடு போயிற்று, மறந்தும் போயிற்று. செண்பகம்தான் அதைத் தோண்டி எடுத்து அவள் நெஞ்சில் திரும்ப வைத்தாள். மறுநாள் காலை பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சமையலறையிலிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்பைச் சிம்மில் வைத்தாள்.

ஒருவர் வரிசையிலிருந்து விலகினார். வரிசை ஓர் அடி நகர்ந்தது. எதற்காக இதெல்லாம் என்று தன்னையே கேட்டுக்கொண்டால் பதில் தயாராக இருக்கிறது, யார் கேட்டாலும் தலையாட்டக்கூடிய பதில். புருஷன் ஆவுடையப்பன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், ஆறடி ஆள், கம்பத்தில் ஏறி இறங்கி இறுகிய உடம்பு. வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்தபிறகு அந்த உடம்பு அப்படியே பாரமாகிவிட்டது. படுக்கைப்புண் வராமல் இருக்க அவரைப் பக்கம் மாற்றிப் போட வேண்டும். ஒரு பக்கம் செண்பகம், மறுபக்கம் சுகிர்தா, விரிப்பின் நுனிகளைச் சுருட்டிப் பிடித்து, ம் என்றதும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். அந்த ம் அவர்கள் இருவருக்கும்தான் சரியாக வரும். தனியாக ஒருமுறை முயன்று இடுப்பு பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் கட்டிலில் கிடந்து அவளைப் பார்த்து, ஆமா ஆமா என்றார். வாதத்துக்குப் பிறகு அவர் வாயில் மிஞ்சிய ஒரே சொல் அதுதான். பசித்தாலும் வலித்தாலும் கோபம் வந்தாலும் ஆமா. ஆக, பிள்ளை பக்கத்தில் இருந்தால் காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவாள், ஒரு நாளைக்கு இரண்டு ம் கிடைக்கும். இதில் என்ன தப்பு, எந்த வீட்டில் பிள்ளை உதவுவதில்லை. இதுவரை சரியாகத்தான் இருக்கிறது. இங்கேயே நிறுத்திக்கொண்டால் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் நினைப்பு அங்கே நிற்காது, செருப்புக்குள் புகுந்த முள்போல அடுத்த அடியில் குத்தும். கோமு மதினி.

கோமு அவரது அக்கா, கழுகுமலையில் தனியாக இருக்கிறவள், புருஷன் போய்ப் பல வருஷம். கல்லூரி முடிவு வந்த மறுநாளே போன் பண்ணினாள். பிள்ளைய எங்க வேணும்னாலும் அனுப்பு, நான் வந்து கிடக்கேன், எனக்கும் இங்க சுவரப் பாத்துக்கிட்டுத்தான இருக்கு என்றாள். செண்பகம், எதுக்கு மதினி உங்களுக்குச் சிரமம் என்றாள். சிரமம் என்ற சொல்லை வைத்துக் கதவைச் சாத்தினாள். சுகிர்தாவிடம் அந்தப் போனைப் பற்றிச் சொல்லவேயில்லை. ஏன் சொல்லவில்லை. கோமு மதினி வந்தால் அஞ்சறைப்பெட்டி இடம் மாறும். புளி கூடிட்டு, என் தம்பிக்கு இம்புட்டு உறைப்பு ஆகாது, அந்தக் காலத்துல எங்கம்மா வைக்கிற தேங்காய்ப்பால் சொதி என்று ஆரம்பிப்பாள். தம்பி இப்படிக் கிடக்க நீ பூ வச்சிருக்கியே என்று ஒரு பார்வை பார்ப்பாள். அவர் விழுந்த அன்று, நீ முன்னாடியே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் முன்னால் சொன்னவள். ஆக, ஒரு சமையலறைக்காக. ஒரு கிழவியின் வாய்க்குப் பயந்து. இதை நினைத்ததும் செண்பகத்துக்கு உடம்பு கூசியது. நோயாளிக்காக என்று சொன்னால் தாங்கும், சொதிக்காக என்று எப்படிச் சொல்வது. இன்றைக்குக்கூட வேறு வழியில்லாமல்தான் கோமுவை வரச்சொல்லி வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இந்நேரம் டப்பாக்களைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பார் இப்போதும் அதைத்தான் நினைக்கிறாய், பிள்ளையின் தலையெழுத்து அங்கே வரிசையில் நிற்கிறது, நீ டப்பாவை நினைக்கிறாய்.

பூக்கட்டிப் பார்ப்போம் என்று சொன்னது சுகிர்தாதான். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். சாமி கும்பிடு என்றால் கையைக் குவித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிற பிள்ளை. அவளாகக் கேட்டாள். யாரும் யாரையும் பின்னால சொல்லிக்கிடக் கூடாதும்மா, வெள்ளை வந்தா திருநெல்வேலி, சிவப்பு வந்தா கோயம்புத்தூர், அரைக்கு அரை, எங்க பாடத்துலயே ஒத்துக்கிடுவாங்க என்று சிரித்தாள். நீயே கட்டு, நான் பாக்க மாட்டேன், அப்பா எடுக்கட்டும் என்றாள். கட்டுகிற ஆளும் எடுக்கிற ஆளும் ஒன்றாக இருக்கக்கூடாதாம், ஆசை இல்லாத ஆள்தான் கட்ட வேண்டுமாம். ஆசை இல்லாத ஆள். வெள்ளிக்கிழமை காலை செண்பகம் தலைக்குக் குளித்துவிட்டுக் கொல்லையில் நந்தியாவட்டை பறித்தாள். ஒன்று போதும், இரண்டு பறித்தாள். ஏன் இரண்டு. ஒன்று படத்துக்கு. படத்துக்குத்தான் ஏற்கெனவே சரம் வாங்கி வைத்திருந்ததே. பூச்சி அரித்திருந்தால் மாற்றுவதற்கு ஒன்று. நந்தியாவட்டையைப் பூச்சி எங்கே அரிக்கிறது. இந்த இடத்துக்கு வந்தால் ஒவ்வொரு முறையும் அவளுக்குள் ஒருத்தி சாட்சி சொல்லவும் இன்னொருத்தி குறுக்கு விசாரணை செய்யவும் ஆரம்பிக்கிறார்கள். பறிக்கும்போது நினைக்கவில்லை, அது சத்தியம். ஒரு துண்டுத்தாளில் வெள்ளையை வைத்து மடித்தாள். அடுத்த தாளை விரித்தாள். இடது கையில் செவ்வரளி இருந்தது, வலது கையில் மிச்ச நந்தியாவட்டை இருந்தது. சுகிர்தா உள்ளே அப்பாவின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், அப்பா இன்னிக்கு நீங்கதான் ஜட்ஜு என்று அவரிடம் சொன்னது கேட்டது. வலது கை போய் வைத்தது. கைதான் வைத்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள், அந்தக் கைதான் அதற்குப் பிறகு தாளை ஒழுங்காக, முதல் பொட்டலம்போலவே, நுனியை உள்ளே செருகி மடித்தது. செவ்வரளியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டினாள். அம்மன் என்ன நினைத்திருந்தாலும் சொல்ல வழியில்லாமல் செய்துவிட்டாள். எதைக் கேட்டாலும் ஆமா என்று மட்டும் சொல்ல அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கிடக்கிறார், அவரோடு அம்மனையும் சேர்த்துப் படுக்க வைத்தாயிற்று.

தட்டை அவரிடம் கொண்டுபோனாள். இடது கைதான் அவருக்குத் தூக்க வரும், அதுவும் நடுங்கும். கை வந்து ஒரு பொட்டலத்தைத் தொட்டது, அதை விட்டுவிட்டு மற்றதுக்குப் போனது, திரும்பி வந்தது. நெற்றியில் வேர்த்திருந்தது. மனுஷர் யோசித்து எடுக்கிறார், தன் பிள்ளைக்கு எது நல்லது என்று எடைபோட்டு எடுக்கிறார், அதை நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே, இவள் பெண்பிள்ளையா. வீடு கட்டுவதற்கும் கடன் வாங்குவதற்கும் அவரைக் கேட்காமல் செய்யாத காலம் இருந்தது. இப்போது கேட்பதுபோல ஒரு தட்டு நீட்டினாள். கடைசியில் ஒன்றை எடுத்தார். எடுத்த கை அப்படியே விரிந்து மற்றதையும் சேர்த்து மூடிக்கொண்டது. சுகிர்தா சிரித்தாள், ஒண்ணுதாம்பா, ஒண்ணுதான் எடுக்கணும் என்றாள். அவர் விடவில்லை. செண்பகம் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எவ்வளவு பலம் இருந்தது அந்தக் கையில். முதலில் எடுத்ததை மகளிடம் கொடுத்தாள், இரண்டாவதைத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். சுகிர்தா பிரித்தாள், வெள்ளை. அப்பாவே சொல்லிட்டாரு என்று குனிந்து அவர் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். அவர் மகளைப் பார்க்கவில்லை. செண்பகத்தின் மூடிய கையைப் பார்த்தார். ஆமா என்றார். நோயாளிக் கை, பிடித்ததை விடத் தெரியாது, டாக்டர்கூட அப்படி வரும் என்றுதான் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் அந்தப் பொட்டலத்தையும் அரளியையும் முருங்கை மரத்து மூட்டில் தோண்டிப் புதைத்தாள், சாமிக்கு வைத்த பூ காலில் மிதிபடக் கூடாதே. ஏமாற்றியாயிற்று, மரியாதை குறையவில்லை. மண்ணைத் தள்ளி மூடும்போதுதான் அவர் வேலைக்குப் போன காலத்தில் அடிக்கடி சொல்வது ஞாபகம் வந்தது. லைன் ஆஃப் பண்ணியாச்சுன்னு எவன் சொன்னாலும் சரி, டெஸ்டர் வச்சுப் பாக்காம நான் கம்பியத் தொட மாட்டேன். கூட வேலைபார்த்தவர்கள் இதற்காக அவரைக் கேலி செய்வார்கள். அந்தக் கை பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மற்றதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றது. பிரித்துக் காட்டு என்று கேட்டார், வாய் இல்லாததால் கையால் கேட்டார். அவள் விரல்களைப் பிரித்துப் பிடுங்கினாள். அல்லது அப்படி இல்லை. வெறும் நோய்க் கைதான். தெரியுமா தெரியாதா என்று அவர் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், ஆனால் அவருக்குச் சோறு ஊட்டும்போதும் இப்போதெல்லாம் அவள் வாய்வரைதான் பார்க்கிறாள். அம்மனுக்குப் பாதம், அவருக்கு வாய். இன்னும் சுகிர்தா ஒருத்தியைத்தான் முழுசாகப் பார்க்க முடிகிறது, அதுவும் இப்படி முதுகைக் காட்டி நிற்கும்போது.

மேடையில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு எந்தப் பாடம் என்று கேட்டார். சாத்தான்குளமாம், மகளுக்குத் தமிழ் எம்.ஏ. அவர் மகளுக்கும் மதுரையிலும் கிடைத்ததாம், பிள்ளைதான் இங்கே வேண்டும் என்றதாம். நீங்க ஒண்ணும் சொல்லலையா என்று செண்பகம் கேட்டாள், ஏன் கேட்டோம் என்று கேட்ட பிறகு நினைத்தாள்.

"நான் வாயே தொறக்கலம்மா. தொறந்தேன்னு வைங்க, நாளைக்கு அவளுக்குப் பொரியலு உப்பில்லன்னாலும் எங்கப்பாதான் இங்க தள்ளுனாருன்னு வந்து நிக்கும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். செண்பகமும் சிரித்தாள். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை, அவளே எடுத்ததுதான் என்றாள். தானாக வந்தது அது, தண்ணீர்போல வந்தது. ஒரு பொய் உள்ளே இருந்தால் அது தனக்கு வேண்டிய மற்றதையெல்லாம் தானே சமைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அவர் பரவாயில்லை நல்ல பிள்ளை என்றார். நல்ல பிள்ளைதான். வரிசையில் இப்போது அவளுக்கு முன்னால் ஒருத்திதான் நின்றாள். இப்போது எழுந்துபோனால் போதும். சுகி, இங்க வா, ஒரு நிமிஷம். கோயம்புத்தூருக்கு நாளைவரை அவகாசம் இருக்கிறது, ஃபைல் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. என்ன சொல்வது, எந்த இடத்தில் ஆரம்பிப்பது. இரண்டிலும் வெள்ளைதான் என்று சொன்னால் போதும், நாலு சொல்கூட வேண்டாம், மிச்சத்தை அவளே கணக்குப் போட்டுக்கொள்வாள், அந்தக் கணக்கைப் படிக்கத்தானே போகிறாள். சொன்னதும் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள், கோபம் வந்தது, அழுகை வந்தது, எது வந்தாலும் பரவாயில்லை. ஆனால் கடைசியில் அந்த முகத்தில், போகட்டும்மா என்று ஓர் இரக்கம் வந்து உட்கார்ந்தது, அதைத்தான் அவளால் நினைப்பில்கூடப் பார்க்க முடியவில்லை. மன்னித்துவிட்டு இங்கேயே சேர்வாள். அப்படிச் சேர்ந்தால் தினமும் பஸ்ஸில் போய்வருவது படிப்புக்கா மன்னிப்புக்கா என்று தெரியாமல் போகும். ஆக, சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. பார், அதற்கும் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. எழுந்திரு என்று முழங்காலுக்குச் சொன்னாள். முழங்கால் எழுந்திருக்கத்தான் பார்த்தது. அதற்குள் சுகிர்தா ஜன்னலுக்குக் குனிந்தாள், மஞ்சள் ஃபைல் உள்ளே போனது, பின்னல் தோளிலிருந்து சரிந்து முன்னால் விழுந்தது. யாரோ கூப்பிட்டதுபோல ஒருமுறை திரும்பி அம்மா எங்கே என்று தேடினாள். செண்பகம் கையைத் தூக்கிக் காட்டினாள், இங்கதான் இருக்கேன்.

வரும்போது ஃபைல் மெலிந்திருந்தது. முடிஞ்சிட்டும்மா என்று பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். ஜன்னலில் இருந்தவர் நல்ல மாதிரியாம். மனசு மாறினால் சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள் வந்து ஒரிஜினலைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், நாளை என்றால் முடியாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறாராம். கிளிப்பிள்ள மாதிரி சொன்னதையே சொல்லுதாரும்மா என்று அவர் குரலில் சொல்லிக் காட்டினாள். வெயில் உச்சியில் இருந்தது. சாயங்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. சாத்தான்குளத்துக்காரரிடம் சொல்லிக்கொண்டு இருவரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். பாதையின் இருபக்கமும் கட்டடங்கள். எது புள்ளியியல் துறை என்று சுகிர்தா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் நிறுத்தத்து நிழலுக்கு வந்தபிறகு, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லவாம்மா? சிவப்பு வரணும்னுதான் நான் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். நிசமாவே கும்பிட்டேன், முத தடவையா."

செண்பகம் ரோட்டைப் பார்த்தாள். ரோடு தூரத்தில் நெளிந்தது.

"வெள்ளைன்னதும் ஒரு மாதிரி ஆயிட்டு. அப்புறம் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். அப்பா எடுத்தது, சாமி கொடுத்தது. நாமளா எடுத்திருந்தா அதுவா இதுவான்னு வாழ்நாள் பூரா இருந்திருக்கும். இப்ப அது இல்ல பாரு."

நாக்கு எழுந்தது. இரண்டிலும் என்ற அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு உதடு தயாராகிவிட்டது, செண்பகம் அதைத் தெளிவாக உணர்ந்தாள். அந்த நேரத்தில் கைப்பைக்குள் போன் அடித்தது. கோமு மதினி. என்ன ஆயிற்றோ என்று பதறி எடுத்தாள். சுகிர்தாவும் பக்கத்தில் வந்து நின்றாள், அப்பாவுக்கு என்ன என்று கண்ணால் கேட்டாள். கோமுவின் குரல் எப்போதும்போல உரக்க வந்தது. செண்பகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனாள்.

"ஏளா, ஒண்ணும் இல்ல, பதறாத. தம்பியப் பக்கம் மாத்திப் போடணுமே, எதிர்வீட்டுக்காரிய கூப்பிடுவமான்னு பாத்தேன். அவ கதவு பூட்டிக் கிடக்கு. நானே ஒரு பழைய வேட்டிய அடியில விட்டு, காலை மடக்கி வச்சு இழுத்தேன். குழந்தை மாதிரி திரும்பிட்டாம்ளா. எங்க வீட்டுக்காரருக்கு மூணு வருசம் நான் ஒத்தையிலதான பாத்தேன். நீங்க ரெண்டு பேரு சேந்து எதுக்கு இந்தப் பாடு படுதீகன்னு எனக்குத் தெரியல."

செண்பகம் ம் என்றாள். நல்லா தூங்குதான் என்றாள் கோமு, ரசத்துக்குப் பெருங்காயம் எங்க வச்சிருக்க என்றும் கேட்டாள். இரண்டாவது தட்டில் இடது ஓரம் என்று செண்பகம் சொன்னாள். போனை வைத்தாள். திருநெல்வேலி டவுன் பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. நின்றவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். பின்னால் கட்டடத்தின் ஜன்னலில் இன்னும் வரிசை நின்றது, நிறுத்தத்திலிருந்து பார்த்தால்கூடத் தெரிந்தது.

"அத்தை என்ன சொல்லுதாக?" என்றாள் சுகிர்தா.

"அப்பாவப் பொரட்டிப் போட முடியலையாம். எப்ப வருவீகன்னு கேக்காக," என்றாள் செண்பகம். "ஏறு, பஸ் வந்துட்டு."